சாட்டு கேட்டவள்

கடல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சுவர் உயரத்துக்கு ஒரே கண்ணாடிக் கதவு. ஏசி வீணாகிவிடும், திறக்க வேண்டாம் என்று மாமனார் சொல்லிவிட்டதால் அலைகள் சத்தமே இல்லாமல் வந்தன, சத்தமே இல்லாமல் திரும்பிப் போயின. மோகனப்பிரியா ஒரு கையில் கரண்டு குக்கரும் மறுகையில் மகளின் செருப்புமாக அதைப் பார்த்தபடி நின்றாள். கப்பலை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவளுக்கும் கடலுக்கும் நடுவே நாற்பதடி மணல் இருந்தால் அதிகம். இன்னும் அதில் கால் வைத்தபாடில்லை.

"மொதல்ல பையெல்லாம் பிரிச்சு வெச்சுப்போட்டு அப்பறம் போலாம் அம்மணி. கடல் எங்க ஓடியா போகுது?" என்றாள் மாமியார் கனகம். அவள் கட்டிலின் மேல் பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, ஊறுகாய், ஐந்து நாளைக்கான அரிசி என்று கடை பரப்பியிருந்தாள்.

"அம்மா, கடல் ஓடிப் போயிருமாம்மா?" என்று கேட்டாள் கனிஷ்கா. ஆறு வயது. கப்பலிலேயே நீச்சலுடையை மாட்டிக்கொண்டவள், அதைக் கழற்றமாட்டேன் என்று அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"போகாது கண்ணு. அப்பத்தா சொன்னா போகாது."

எங்கும் போகாமல் இருப்பது எப்படி என்று மோகனப்பிரியாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து பல்லடத்துக்குப் பக்கம் ஊத்துக்காட்டுப்புதூருக்கு வாழ்க்கைப்பட்டு எட்டு வருடம். கனிஷ்கா பிறந்த மூன்று மாதத்தைக் கழித்துவிட்டால், இந்த எட்டு வருடத்தில் அவள் தோட்டத்து வீட்டைவிட்டு வெளியே தங்கிய இரவுகளை விரல் விட்டு எண்ணலாம். கல்யாணமோ காதுகுத்தோ, பொழுது சாய்ந்தால் கார் ஊரைப் பார்த்துத் திரும்பிவிடும். காரணம் கோழி. எட்டாயிரம் கறிக்கோழி. வெயில் காலத்தில் கரண்ட் போய்க் காற்றாடி நின்றால் கால் மணி நேரத்தில் கொத்துக் கொத்தாகச் செத்து விழும். அதனால் கரண்ட் போனதும் வீட்டில் ஒரு மணி அலறும், யாராவது எழுந்து ஜெனரேட்டருக்கு ஓட வேண்டும். கணவன் கிருபாசங்கர் அசந்து தூங்குகிறவன். பாதி நாள் ஓடியது அவள்தான்.

ஒரு பேட்ச் கோழியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால், எரு அள்ளி, சுண்ணாம்பு அடித்து, ஷெட்டை ஆறப்போட்டு, அடுத்த குஞ்சு வரும்வரை பதினைந்து நாள் சும்மா கிடக்கும். அந்தப் பதினைந்து நாளில்தான் வீட்டுக்கு வெள்ளையடிப்பது, தென்னைக்கு உரம் வைப்பது, ஒத்திப்போட்ட சீர்களுக்குப் போவது எல்லாம் நடக்கும். இந்த முறை கோழி பிடித்த அன்று, லாரி இன்னும் வாசலை விட்டு நகராதபோதே, மோகனப்பிரியா மாமனாரிடம் நேராகப் போய் நின்றாள்.

"மாமா, எனக்குக் கடலுக்குப் போகோணுமுங்க."

"ராமேஸ்வரமா?"

"சாமி கும்பிட இல்லீங்க மாமா. சும்மா. ஒரு தீவுக்கு. அஞ்சு நாள்."

மாமனார் சுப்பண்ணன் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் மாற்றிப் பேசமாட்டார். காலண்டரை எடுத்து வரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கிழமையாக விரலை நகர்த்தினார். அப்புறம், "செவ்வாக்கெழம சாயந்தரம் கெளம்பலாம்," என்றார்.

"நோம்பி சாட்டற மாசமாச்சே?" என்று கனகம் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மொதச் செவ்வா ஆத்தா என்னைக்குப் பூக் குடுத்திருக்கறா? பதினோரு வருசமாக் குடுத்ததில்ல. ரெண்டாஞ் செவ்வாயோ மூணாஞ் செவ்வாயோதான். அதுக்குள்ள வந்தறலாம்."

ஊத்துக்காட்டுப்புதூர் மாரியம்மனிடம் கேட்காமல் நோம்பி சாட்ட, அதாவது ஊர்த் திருவிழாவை அறிவிக்க, முடியாது. பங்குனி பிறந்ததும் செவ்வாய்க்கிழமைகளில் அம்மனின் இரண்டு தோளிலும் பூ வைத்துவிட்டு ஊரே காத்திருக்கும். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் உத்தரவு. உடனே தப்பட்டை அடித்து நோம்பி சாட்டிவிடுவார்கள். சாட்டு யார் யார் காதில் விழுந்ததோ அவர்கள், கோயில் வாசலில் கம்பம் நட்டு, பதினைந்தாம் நாள் அதைப் பிடுங்கும்வரை, ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் திருப்பூர் போகலாம், கோயம்புத்தூர் போகலாம், பொழுது சாய்ந்ததும் வந்துவிட வேண்டும். முன்னமே வெளியூர் போனவர்களைச் சாட்டு கட்டாது. காதில் விழாதவர்களையும் கட்டாது. ஆத்தா அந்த மட்டுக்கு நியாயக்காரி.

சுப்பண்ணன் கணக்குப் போட்டு டிக்கெட் எடுக்கச் சொன்னார். ஆத்தா அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணி இருக்கும். வாசலில் கார் நின்றது. கனகம் உள்ளே சாமி அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சுப்பண்ணன் கிணற்று மோட்டாரைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போயிருந்தார். கிருபாசங்கர் காலி ஷெட்டின் படுதாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துத் தோட்டத்துத் தறிக்கூடத்தில் பன்னிரண்டு விசைத்தறிகள் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சத்தமே அல்ல.

மோகனப்பிரியா மிஞ்சின சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டக் கட்டுத்தரைக்குப் பின்னால் போனாள். அங்கே காற்று ஊர்ப்பக்கமிருந்து வந்தது. காற்றோடு அதுவும் வந்தது. மூன்று அடி, ஒரு நிறுத்தம். மூன்று அடி, ஒரு நிறுத்தம். ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ கதவைத் தட்டுவதுபோல் மெலிசாக.

சட்டியோடு அப்படியே நின்றாள். பிறகு ஓடினாள். காரின் முன்கதவைத் திறந்து பாட்டைப் போட்டு முழுச் சத்தத்துக்குத் திருகினாள். கண்ணாடிகளை ஏற்றினாள். பின் இருக்கையில் இருந்த கனிஷ்கா, "அம்மா, அது என்னது டம் டம்னு?" என்றாள். "ஒண்ணுமில்ல. நீ பாட்டுக் கேளு," என்றாள். வெளியே வந்து, "ஏனுங்க, நேரமாச்சுங்க! சூலூருல டிராபிக்கா இருக்கும், வாங்க!" என்று கத்தினாள். எல்லோரும் வந்தார்கள். கார் கிளம்பியது. ஊருக்குள் போகாமல் வாய்க்கால் தடத்தில் போய்விடலாம் என்று அவள்தான் சொன்னாள்.

ஆத்தா மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. கனிஷ்காவுக்கு அம்மை போட்டபோது ஒன்பது நாள் வேப்பிலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். ஆனால் இந்த ஐந்து நாள் போனால் அடுத்த ஐந்து நாள் வராது. அது அவளுக்கு ஆத்தாவைவிட நிச்சயமாகத் தெரிந்தது.

விமானத்தில், சென்னையில் தங்கிய விடுதி அறையில், மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஏறிய அடுத்த விமானத்தில், போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் என்று வழி முழுக்க அந்த மூன்று அடி அவள் கூடவே வந்தது. கடலைப் பார்த்ததும் நின்றுவிடும் என்று நினைத்திருந்தாள்.

"பிரியா, வைஃபை கெடைச்சிருச்சு," என்றான் கிருபாசங்கர்.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது.

ஐயாசாமி. கோயில் கமிட்டிக்காரர், சுப்பண்ணனுக்குப் பங்காளி முறை. கிருபாசங்கர் ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் நீட்டினான்.

"ஏனுங்ண்ணா, போய்ச் சேந்துட்டீங்களாங்ண்ணா? காலைலிருந்து கூப்புடறேன், கெடைக்கவே மாட்டேங்குது."

"சேந்தாச்சு ஐயாசாமி. என்ன சேதி?"

"ஆத்தா இந்த வருசம் என்ன அவசரத்துல இருந்தாளோ, வெச்ச கைய எடுக்கறதுக்குள்ள பூவக் குடுத்துப்போட்டாளுங்ண்ணா. சாட்டியாச்சு."

சுப்பண்ணன் கட்டிலில் உட்கார்ந்தார். "எத்தன மணிக்கு?"

"ஏழு இருவது, ஏழு இருவத்தஞ்சு இருக்குமுங்க. அரை மணி நேரம் அடிச்சாங்க. நீங்க அதுக்கு மின்னாலயே எல்லை தாண்டியிருப்பீங்கன்னு நாஞ் சொல்லிப்போட்டனுங்க. ஆனாலும் நாலு பேரு நாலு வெதமாப் பேசறாங்க. சுப்பண்ணன் ஊடே சாட்டை மீறிப்போட்டுக் கடல் தாண்டிப் போயிருச்சுன்னா நாளைக்கு யாரு மதிப்பாங்கன்னு."

"யாரு பேசறது?"

"அதெல்லாம் எதுக்குங்ண்ணா. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நான் பாத்துக்கறேன். கேட்டுச்சா, கேக்கலயா?"

"விசாரிச்சுச் சொல்றேன்," என்றார் சுப்பண்ணன்.

போனை வைத்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றிப்பார்க்க வந்த இடத்தின் அந்தச் சின்ன அறை அவர் உட்கார்ந்த விதத்தில் ஊர்க்கூட்டம் நடக்கும் இடமாக மாறிப்போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ இரண்டு பேர் மஞ்சள் பந்தோடு தண்ணீருக்கு ஓடினார்கள்.

"நாம கெளம்பறப்ப மணி ஏழே முக்கால் இருக்கும். எல்லைக்குள்ளதான் இருந்திருக்கறோம். கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. கனகா, உன்ற காதுல விழுந்துச்சா?"

"தறி அடிக்கற அடியில எனக்கு என்ற பேச்சே கேக்காது. சாட்டா கேக்கப் போகுது?"

"சங்கரு?"

"இல்லீங்கப்பா. நான் ஷெட்டுக்குள்ளல்ல இருந்தேன்."

"எனக்கும் மோட்டார் சத்தந்தான். பிரியா?"

"இல்லீங்க மாமா."

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்.

சுப்பண்ணன் தலையை ஆட்டினார். முகம் தெளிந்தது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டப் போனார். கடலுக்குப் போகத்தான். அதற்குள் கிருபாசங்கருக்கு அந்த யோசனை வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த யோசனைதான்.

"அப்பா, நாம சொன்னா அந்த நாலு பேரும் நம்பமாட்டாங்க. நம்ம கேமராவுல சத்தமும் பதிவாகுமுங்க. வாசக் கேமராவுல நேத்து ஏழு மணியிருந்து எடுத்து ஐயாசாமியண்ணனுக்கு அனுப்பிப்போட்டாப் பேச்சே இல்ல."

கோழி திருட்டுப் போகிறது என்று வாங்கின கேமரா. ஷெட்டுக்கு இரண்டு, வாசலுக்கு ஒன்று. எங்கிருந்தாலும் போனில் பார்க்கலாம். மோகனப்பிரியாவுக்கு வாசல் கேமரா எதையெல்லாம் பார்க்கும் என்று நன்றாகத் தெரியும். கட்டுத்தரையின் மூலை தெரியும். கார் தெரியும். சட்டியோடு ஒருத்தி அசையாமல் நிற்பதும், பிறகு ஓடிவந்து கண்ணாடியை ஏற்றுவதும் தெரியும்.

"எதுக்குங்க இப்ப அதெல்லாம்," என்றாள். "கொழந்த கடலுக்குப் போகோணும்னு எத்தன நேரமா உக்காந்திருக்கறா. பொழுது இருக்கறப்பவே போய்ட்டு வந்து..."

"ரெண்டு நிமிசம் பிரியா. சுத்திக்கிட்டிருக்கு பாரு."

போன் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. தீவில் இன்டர்நெட் அப்படித்தான், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி வரும். கிருபாசங்கர் போனைத் தூக்கிப் பிடித்தான், கதவுப் பக்கம் போனான், குளியலறை வாசலில் நின்று பார்த்தான். வட்டம் சுற்றியது. சுப்பண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கனகம் எள்ளுப்பொடி டப்பாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தாள். மோகனப்பிரியாவுக்கு அறை சுருங்கிக்கொண்டே வருவதுபோல் இருந்தது. கதவைத் திறந்தால் மணல், மணல் தாண்டினால் தண்ணீர், தண்ணீர் தாண்டினால் மறுபடி தண்ணீர். தீவு என்றால் எல்லாப் பக்கமும் திறந்திருக்கும் என்று நினைத்து அவள் ஆசைப்பட்டிருந்தாள். எல்லாப் பக்கமும் எல்லை என்று இப்போதுதான் தெரிந்தது.

"வர மாட்டேங்குதுப்பா. பாதியில நின்னுபோச்சு."

சுப்பண்ணன் யோசித்தார். அப்புறம் அவருக்கு ஒன்று தோன்றியது. குனிந்து, பேத்தியின் தலையைத் தடவினார்.

"கண்ணு, நீ நேத்து மொதல்ல இருந்தே கார்லதான உக்காந்திருந்த? தம் தம்முன்னு ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா சாமி?"

கனிஷ்கா தன் அம்மாவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. யாருக்கும் புலப்பட்டிருக்காது.

"இல்லீங்க அப்பாரு. நான் பாட்டுத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. குரல் இறங்கவில்லை. மோகனப்பிரியா சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். அப்பாரு அவள் கன்னத்தைத் தட்டியதும், நல்ல பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, அம்மாவைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் லேசாகச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மாட்டிக்கொள்ளாமல் காப்பாற்றியவளின் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைத்தான் மோகனப்பிரியாவால் தாங்க முடியவில்லை. கேமராவுக்குப் பயந்தவள்தான். நாலு பேருக்கும் பயந்தவள்தான். ஆனால் அது வேறு.

"அவளக் கேக்காதீங்க மாமா," என்றாள். "நாங் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"சாட்டுங்க மாமா. கட்டுத்தரைக்குப் பொறகால நின்னப்ப. நல்லாக் கேட்டுச்சு. கேட்டுப்போட்டுத்தான் காருல பாட்டப் போட்டேன். உங்களுக்கு யாருக்கும் கேட்டறக் கூடாதுன்னு."

கனகத்தின் கையிலிருந்த டப்பா கட்டிலில் சாய்ந்து, வெள்ளை விரிப்பில் எள்ளுப்பொடி கொட்டியது. அதை யாரும் எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வட்டம் சுற்றுவதை நிறுத்தியது. போனில் வாசல் தெரிந்தது. இருட்டு, காரின் பின்விளக்கு, கட்டுத்தரை மூலையில் ஒரு நிழல். கிருபாசங்கர் சத்தத்தைக் கூட்டினான். தறி அடித்தது. தறி மட்டும்தான். பன்னிரண்டு தறியும் தடக்கு தடக்கென்று அடித்துத் தீர்த்தன. தப்பட்டையின் ஓர் அடிகூட அதில் இல்லை. நிழல் நின்றது, ஓடியது, காரில் பாட்டு கிளம்பியது. பார்க்கிறவர்களுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிற ஒரு மருமகள், அவ்வளவுதான்.

கிருபாசங்கர் அவள் காதருகே வந்தான். "ஒண்ணுமே கேக்கல பாரு. ஒரு நிமிசம் பேசாம இருந்திருக்கலாமல்ல?" என்றான் மெதுவாக. அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னான். அது இன்னும் மோசமாக இருந்தது.

சுப்பண்ணன் தரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"போகோணும்னு நீ வந்து கேட்ட. நான் மாட்டேன்னு சொன்னனா அம்மணி?"

"இல்லீங்க மாமா."

"சாட்டியாச்சு மாமா, பொறகு போலாம்னு சொல்லியிருந்தா, அடுத்த பேட்ச்சுக்குக் கூட்டிட்டு வந்திருக்கமாட்டனா?"

வந்திருக்கமாட்டார். அவருக்கே அது தெரியும். அடுத்த பேட்ச்சுக்கு வேறு ஒன்று வரும். ஆனால் அதைச் சொல்லும் நேரம் இது அல்ல என்பதால் மோகனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கப்பல் எப்பன்னு கேளு," என்றார் மகனிடம்.

கிருபாசங்கர் வரவேற்பறைக்குப் போய்த் தனக்குத் தெரிந்த பதினைந்து இந்தி வார்த்தைகளையும் செலவழித்துவிட்டுத் திரும்பினான். இன்றைக்குக் கடைசிக் கப்பல் மூன்று மணிக்கே போய்விட்டது. நாளைக்கு இரண்டு கப்பலிலும் இடமில்லை. நாளன்றைக்கு மத்தியானம் வேண்டுமானால் பார்க்கலாம்.

"அப்ப இங்கயேதான் கெடக்கோணுமா?" என்றாள் கனகம்.

"ஆமாங்ம்மா."

"நல்லாருக்குது போ. உள்ளூருலயும் இல்லாம வெளியூருலயும் இல்லாம."

சுப்பண்ணன் பூசாரியைக் கூப்பிடச் சொன்னார். கோயிலில் இருந்தார் போல, பின்னால் மணிச் சத்தமும் யாரோ மைக் கட்டும் சத்தமும் கேட்டன. நடந்ததைச் சுப்பண்ணன் ஒன்று விடாமல் சொன்னார். மருமகள் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் தடுக்கியது. பூசாரி முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"கேட்டது அந்தம்மணி ஒருத்திதானுங்களே?"

"கொழந்தையும் கேட்டிருக்கும் போல."

"சின்னப்புள்ளைகளுக்குக் கணக்கில்லீங்க. நேத்து ராத்திரி போனது போகட்டும், கேட்டவங்க இன்னைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்தறோணும். வர முடியுமுங்களா?"

"நடுக் கடல்ல இருக்கறோமய்யா."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. தலையோட தண்ணி வாத்துக்கிட்டு, ஈரச் சீலையோட நம்மூரு இருக்கற தெசயப் பாத்து நிக்கோணுமுங்க. தெரிஞ்சே எல்லை தாண்டிப்போட்டேன், மன்னிச்சுக்கோ ஆத்தான்னு வாய் தொறந்து கேக்கோணும். வாய் பேசுனாப் பத்தாதுங்க, மனசும் பேசோணும். இல்லீன்னா ஆத்தா எடுத்துக்கமாட்டா. பொழுது எறங்கறதுக்கு மின்னால முடிச்சுப்போடுங்க. திரும்பி வர்ற வரைக்கும் கவிச்சி ஆவாது."

"தண்ணிக்கு என்ன, கடலே இருக்குது," என்றார் சுப்பண்ணன். சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால். ஆனால் வெளியே வெயில் அதற்குள் பழுத்துவிட்டிருந்தது. நம் ஊரில் இன்னும் காப்பி வைத்திருக்கமாட்டார்கள். இந்தத் தீவில் பொழுது இறங்கத் தயாராக நின்றது.

மோகனப்பிரியாவிடம் சேலை இல்லை. வேண்டுமென்றேதான் ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. கனகம் தன் பையிலிருந்து ஒரு பச்சை நூல் சேலையை எடுத்து உதறி, அவளைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். தானே கட்டிவிட்டாள். கொசுவத்தை இறுக்கிச் சொருகினாள்.

"எப்படிக் கேட்டுச்சு உனக்கு? மூணடி அடிச்சு நிறுத்தி அடிச்சாங்களா?"

"ஆமாங்கத்தை."

கனகம் முந்தானையில் பின் குத்தினாள். "சாமி ரூம்புல ஒரு சன்னல் இருக்குதல்ல, ஊரப் பாத்து," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தறியாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்," என்றாள். மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு பின்னை எடுத்து, தேவைக்கு மேல் அழுத்திக் குத்தினாள். "போ. பொழுதாகுது."

கண்ணாடிக் கதவைச் சுப்பண்ணனே திறந்துவிட்டார். அதுவரை ஊமையாக இருந்த கடல் ஒரே வீச்சில் காதுக்குள் பாய்ந்தது.

மணலில் வரிசையாகப் போனார்கள். முன்னால் மாமனார், பின்னால் அவள், கையில் துண்டோடு மாமியார், பூசாரியை வீடியோவில் வைத்துப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிருபாசங்கர், நீச்சலுடையில் கனிஷ்கா. மஞ்சள் பந்துக்காரர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இந்த நாற்பதடியை அவள் எத்தனை விதமாக நினைத்து வைத்திருந்தாள்! தனியாக, விடிந்ததும் விடியாததுமாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாமல். இப்படி ஒரு ஊர்வலத்தை நினைத்ததில்லை.

"நம்மூரு மேக்கால. சூரியன் இருக்கற பக்கந்தான். நேராப் போ," என்றார் சுப்பண்ணன். "நீச்சத் தெரியாது, ஆழத்துக்குப் போயறாத."

தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு. நூல் சேலை தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. இரண்டு காலையும் யாரோ சேர்த்துக் கட்டியதுபோல் ஆனது. ஒவ்வோர் அலை திரும்பும்போதும் பாதத்துக்கு அடியில் இருந்த மணலை உருவிக்கொண்டு போனது. விரல்களை ஊன்றிக்கொண்டாள்.

"போதும்! அங்கயே நில்லு!" என்று கரையிலிருந்து குரல் வந்தது.

நின்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டாள். தண்ணீருக்குள் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. தறி இல்லை, மணி இல்லை, மூன்று அடியும் இல்லை. எழுந்தபோது உப்பு வாயெல்லாம் கரித்தது. சூரியன் கடலுக்கு ஒரு முழ உயரத்தில் இருந்தது. கைகூப்பினாள்.

"தெரிஞ்சேதான் எல்லை தாண்டிப்போட்டேன் ஆத்தா," என்றாள்.

அது வந்தது. அது உண்மை. அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள்.

வரவில்லை.

மகளைப் பொய் சொல்ல வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால் காலில் விழுந்து கேட்பாள். மாமனாரின் முகம் அப்படிக் கறுத்துப்போனதற்கும் கேட்பாள். ஆனால் வந்ததற்கு? இந்தத் தண்ணீரில் இடுப்பளவு நிற்பதற்கு? மனசின் மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்த்தாள். வருத்தம் என்று ஒன்று கிடைக்கவில்லை. இன்னொரு செவ்வாய்க்கிழமை வந்து, அதே தப்பட்டை அடித்தால், அவள் மறுபடி ஓடிப்போய்ப் பாட்டைப் போடுவாள் என்றுதான் கிடைத்தது.

"அம்மணீ! கேட்டாச்சுங்களா?" போனுக்குள்ளிருந்து பூசாரியின் குரல் காற்றில் பாதி கரைந்து வந்தது.

"சொல்லு பிரியா, கேட்டாச்சுன்னு சொல்லு!" என்றான் கிருபாசங்கர். "இருட்டப் போகுது!"

திரும்பிப் பார்த்தாள். நான்கு பேரும் நனைந்த மணலின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். மாமனார் கையைப் பின்னால் கட்டியிருந்தார். மாமியார் துண்டை விரித்துப் பிடித்தபடி, அவளைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலை ஒன்று வந்து மாமியாரின் பாதத்தை நனைத்தபோதும் அவள் நகரவில்லை. கனிஷ்கா ஓரடி முன்னால் வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அம்மாவின் வாயையே பார்த்தாள். இப்போது அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

ஆச்சுங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் துண்டு, உலர்ந்த துணி, சூடாகப் பருப்புப்பொடி சாதம், கண்ணாடிக் கதவு.

"இன்னும் இல்லீங்க," என்று கத்தினாள்.

"என்னது?"

"இன்னும் கேக்கலீங்க. மனசு வரலீங்க."

கிருபாசங்கர் போனை அப்பாவின் காதருகே கொண்டுபோனான். பிறகு பூசாரி ஏதோ சொன்னார். சுப்பண்ணன் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, வாயருகே கையைக் குவித்து உரக்கச் சொன்னார்.

"வர்ற வரைக்கும் நிக்கோணுமாம்! அதுக்கு மின்னால கரையேறக் கூடாதாம்!"

"சரிங்க மாமா," என்றாள் மோகனப்பிரியா.

மேற்கே திரும்பிக்கொண்டாள். அடுத்த அலை பெரிதாக வந்தது. காலடி மணலை உருவிக்கொண்டு போக, அவள் விரல்களை ஊன்றி நின்றாள்.